மூலிகை மணம் ஏற்றிய வெண்ணெய்: முதலில் நீர் போகட்டும்

ஒரு கட்டி வெண்ணெயையும் ஒரு கைப்பிடி ரோஸ்மேரியையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினால் வீடே மணக்கும். அது நல்ல அறிகுறி இல்லை. மூக்குக்கு எட்டிய மணம் அவ்வளவும் பாத்திரத்தை விட்டுப் போன மணம். ஆறிய பிறகு அதே வெண்ணெயை ரொட்டியில் தடவிப் பார்த்தால் லேசான கசப்பும், காய்ந்த இலையின் வாடையும்தான் மிஞ்சியிருக்கும்.

காரணம் வெண்ணெய்க்குள் இருக்கும் நீர். கடைகளில் கிடைக்கும் வெண்ணெயில் கொழுப்பு 80 முதல் 82 சதவீதம்; நீர் 16 முதல் 18 சதவீதம்; மீதி பால் புரதமும் சர்க்கரையும். 500 கிராம் வெண்ணெய் என்றால் அதில் ஏறக்குறைய 80 முதல் 90 கிராம் நீர். அது கொதித்து வெளியேறும்போது மூலிகையின் நறுமண எண்ணெயையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. ரோஸ்மேரியில் உள்ள மணப்பொருள்களில் ஆல்ஃபா பைனீன் தனியாக இருந்தால் 156 டிகிரியில்தான் கொதிக்கும், சினியோல் 176 டிகிரியில். ஆனால் நீராவி கூட இருந்தால் இரண்டுமே 100 டிகிரிக்குக் கீழேயே கிளம்பிவிடும். வாசனை எண்ணெய் காய்ச்சி எடுக்கும் ஆலைகளில் நடப்பது இதுதான். அங்கே ஆவியைக் குளிர்வித்துப் பிடித்துக்கொள்கிறார்கள்; நம் அடுப்பில் அது சமையலறைக் காற்றில் கலந்துவிடுகிறது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் வெண்ணெயிலிருந்து நீரையும் பால் திடப்பொருளையும் முழுதாக வெளியேற்றுவது. அதன் பிறகே, நீர் இல்லாத கொழுப்பில், காய்ந்த இலையை, மூடிய ஜாடியில், குறைந்த சூட்டில் ஊறவிடுவது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான தோல்விகளுக்கு மூலம்.

வெண்ணெயோடு வேண்டுமென்றே தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிடும் முறையும் ஒன்று உண்டு. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, எதுவும் தீயாது, நீரில் கரையும் கசப்பும் கழிந்துவிடும் என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான். ஆனால் மணத்துக்காகவே செய்யும்போது, காக்க வேண்டியதையே அது முதலில் விரட்டிவிடுகிறது. சமையல் மூலிகைகளுக்கு அந்த முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கையில் வேண்டியவை

உப்பில்லாத வெண்ணெய் 500 கிராம். உப்பு வெண்ணெய் என்றாலும் பாதகமில்லை. உப்பு கொழுப்பில் கரையாது, கசண்டோடு அடியில் தங்கிவிடும். நுரை மட்டும் சற்று அதிகமாக வரும்.

அடி கனமான, உட்புறம் வெளிர் நிறத்தில் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், 2 லிட்டர் கொள்ளளவு. கறுப்புப் பூச்சுள்ள நான்ஸ்டிக் வேண்டாம், கசண்டு நிறம் மாறுவது அதில் கண்ணுக்குத் தெரியாது. பூச்சு இல்லாத செம்புப் பாத்திரம் கூடவே கூடாது. செம்பு கொழுப்பைச் சீக்கிரம் காறவைக்கும்.

கம்பி முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி. அதை நம்பும் முன் சோதிக்க வேண்டும்: நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் நீரும் கலந்த கோப்பையில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் நீரில் கடல்மட்டத்தில் 100 காட்ட வேண்டும். உயரமான இடங்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குறைவாகக் கொதிக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். 3 டிகிரி பிசகும் வெப்பமானியைக்கூட வைத்துக்கொள்ளலாம், எந்தப் பக்கம் எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

கிராம் காட்டும் தராசு, நுண் கண் வடிகட்டி, துவைத்து நன்கு காய்ந்த மெல்லிய பருத்தித் துணி, அகன்ற வாயுள்ள 750 மில்லி கண்ணாடி ஜாடி. ஜாடி வெப்பம் தாங்கும் தடித்த கண்ணாடியாக இருக்கட்டும். 500 கிராம் வெண்ணெயிலிருந்து நீரும் பால் திடப்பொருளும் போய்க் கிடைக்கும் 390 கிராம் நெய் ஏறக்குறைய 430 மில்லி இடம் பிடிக்கும்; இலையும் சேர்ந்தால் அரை லிட்டர் ஜாடி விளிம்பு வரை வந்துவிடும்.

நீரை வெளியேற்றுதல்

வெண்ணெயைத் துண்டுகளாக நறுக்கி மிகச் சிறு தீயில் உருகவிடுங்கள். 35 டிகிரிக்குள் முழுதும் இளகிவிடும். பிறகு தீயைச் சற்றே கூட்டுங்கள். மேலே வெண்ணுரை படரும். 95 டிகிரியைத் தாண்டியதும் பெரிய குமிழிகளும் படபடவென்ற சத்தமும் தொடங்கும். நீர் வெளியேறுகிறது என்று பொருள்.

இந்தக் கட்டத்தில் வெப்பமானி 100 முதல் 105 டிகிரிக்குள் நெடுநேரம் அசையாமல் நிற்கும். அப்போது அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே நீர் இருக்கும்போதே அடியில் கசண்டு கருகும். 500 கிராமுக்கு 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அவ்வப்போது மரக்கரண்டியால் அடியைத் தேய்த்துவிடுங்கள்.

நீர் தீர்ந்ததை மூன்று விஷயங்கள் சேர்ந்து சொல்லும். சத்தம் அடங்கும். பெரிய குமிழிகள் போய், மிகச் சிறிய, ஷாம்பெயின் போன்ற குமிழிகள் வரும். வெப்பமானி திடீரென்று நகரத் தொடங்கும். 105-இலிருந்து 115-க்கு ஒன்றிரண்டு நிமிடத்தில் ஏறிவிடும். 115 டிகிரியைத் தொட்டதும் அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். கனமான அடி இருப்பதால் சூடு இன்னும் நாலைந்து டிகிரி தானாக ஏறும்.

120-ஐத் தாண்டினால் பால் திடப்பொருள் பொன்னிறமாகி முந்திரி வறுத்த மணம் வரும். அது தன்னளவில் அருமையான மணம்தான், ஆனால் தைம் போன்ற மெல்லிய மூலிகையை அது மறைத்துவிடும். சேஜுக்கும் காய்ந்த மிளகாய்க்கும் அந்த வறுத்த மணம் பொருந்தும். அவற்றுக்கு 125 வரை விடலாம். 150-க்கு மேல் போனால் கசப்புத்தான். கருகிய கசண்டை வடிகட்டி எறிந்தாலும் கசப்பு நெய்யில் தங்கிவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் கசண்டு அடியில் படியும். மேலுள்ள தெளிந்த நெய்யைத் துணியில் வடியுங்கள். 500 கிராம் வெண்ணெய்க்கு 385 முதல் 400 கிராம் வரை கிடைக்க வேண்டும். எடை போட்டுப் பாருங்கள். 410-க்கு மேல் காட்டினால் நெய் அதிகம் கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம், நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி அடுப்பேற்றுங்கள்.

இலையைத் தயார் செய்தல்

பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு நீரை வெளியேற்றிவிட்டு, பச்சை இலையைப் போட்டு அதே நீரை மறுபடி உள்ளே கொண்டுவருகிறார்கள். பச்சை ரோஸ்மேரியில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நீர். பேசில் இலையில் 90 சதவீதத்துக்கும் மேல். 50 கிராம் பேசில் போட்டால் 45 கிராம் நீர் ஊற்றியதற்குச் சமம்.

ரோஸ்மேரி, தைம், சேஜ், ஓரிகனோ, பிரிஞ்சி இலை ஆகியவை காய்ந்தாலும் மணத்தைக் காத்து வைத்திருப்பவை. இவற்றைக் கழுவி, துணியில் ஒற்றி, நிழலில் காற்றாட ஒரு வாரம் விடலாம். அவசரம் என்றால் ஓவனில் 40 முதல் 45 டிகிரியில், கதவைச் சிறிது திறந்து வைத்து உலர்த்தலாம். 60 டிகிரிக்கு மேல் உலர்த்தினால் மணத்தின் மேல்தட்டு போய்விடும். விரலில் தேய்த்தால் இலை நொறுங்க வேண்டும். காம்பை வளைத்தால் ஒடிய வேண்டும், மடங்கக் கூடாது. 100 கிராம் பச்சை ரோஸ்மேரி இப்படி 35 கிராம் அளவுக்கு வந்துவிடும்.

பொடியாக அரைக்காதீர்கள். பொடி துணியைத் தாண்டி இறங்கும், ஜாடியின் அடியில் சேறு போலப் படியும், நெய்யை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கசப்பையும் வேகமாக விடும். கையால் 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக நொறுக்கினால் போதும். தடித்த காம்புகளை நீக்கிவிடுங்கள், அவற்றில் மணம் குறைவு, துவர்ப்பு அதிகம்.

390 கிராம் நெய்க்கு நாங்கள் தொடங்கும் அளவுகள்: காய்ந்த ரோஸ்மேரி 12 கிராம், தைம் 12, ஓரிகனோ 10, சேஜ் 8, பிரிஞ்சி இலை 6, விதை நீக்கிய காய்ந்த மிளகாய் 20. சேஜ் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் கற்பூர வாடை. கொஞ்சம் கூடினாலும் மருந்து போல ஆகிவிடும்.

எல்லா மணப்பொருளும் கொழுப்பில் இறங்காது. மிளகாயின் காரமும் சிவப்பும் இறங்கும், மஞ்சளின் நிறமும் இறங்கும். குங்குமப்பூவின் நிறம் நீரில் கரையும் பொருள். நெய்யில் எவ்வளவு நேரம் போட்டாலும் இழைகள் சிவப்பாகவும் நெய் வெளிறியும் நிற்கும். விலை உயர்ந்த பொருளை இப்படி வீணாக்க வேண்டாம்.

ஊறவிடுதல்

நொறுக்கிய இலையை உலர்ந்த ஜாடியில் போட்டு, 80 டிகிரிக்கு ஆறிய நெய்யை ஊற்றுங்கள். ஜாடி அறைச்சூட்டில் இருந்தால் முதலில் வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்கி, வெளியே நன்கு துடைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் சுடு நெய் பட்டால் விரிசல் விடும். ஊற்றும்போது இலையைச் சுற்றிக் குமிழி வந்து சலசலத்தால் இலை சரியாகக் காயவில்லை. அமைதியாக நனைந்து அமிழ வேண்டும்.

மூடியை விரல் நுனியால் திருகும் அளவுக்கு மூடுங்கள். இறுக்கக் கூடாது, உள்ளே விரியும் காற்று வெளியேற வேண்டும். மூடுவது அவசியம்: திறந்த பாத்திரத்தை வெந்நீர் மேல் வைத்து ஊறவிடும்போது இரண்டு கேடு ஒன்றாக நடக்கிறது, மணம் மேலே போகிறது, கீழிருந்து எழும் ஆவி நெய்க்குள் குளிர்ந்து விழுகிறது.

அகன்ற பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் ஜாடியை நிறுத்தி, நெய்யின் மட்டம் வரை வெந்நீர் ஊற்றுங்கள். துணி இல்லாவிட்டால் அடிச்சூடு நேராகப் பட்டு ஜாடி ஆட்டம் போடும், உடையவும் கூடும். நீரின் சூடு 75 முதல் 80 டிகிரிக்குள் இருக்கட்டும். மூடிய ஜாடிக்குள் வெப்பமானியை விட முடியாது. வெளி நீரை அளந்தால் போதும், அரை மணி நேரத்தில் உள்ளே நெய்யும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்கு வந்துவிடும்.

ஓவனில் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் 80 டிகிரியில் வைத்த ஓவன் 70-க்கும் 95-க்கும் இடையே ஊசலாடுவது சாதாரணம். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தின் மிகக் குறைந்த நிலையும் சில மணி நேரத்தில் 90-ஐத் தாண்டிவிடும். நீர்த்தொட்டிதான் நம்பகமானது, நீர் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்வதால் ஏற்ற இறக்கம் குறைவு.

ரோஸ்மேரிக்கு 90 நிமிடம், தைம், ஓரிகனோ, பிரிஞ்சி இலைக்கு 2 மணி நேரம், சேஜுக்கு ஒரு மணி நேரம், மிளகாய்க்கு முக்கால் மணி நேரம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஜாடியைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள்.

ருசி பார்ப்பதற்கும் முறை உண்டு. கொதிசூட்டில் இருக்கும் நெய் நாக்கில் எதையும் காட்டாது. ஒரு சொட்டைக் கரண்டியில் எடுத்து 40 டிகிரிக்கு ஆறவிட்டு, உப்பில்லாத அவித்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல் விட்டுச் சுவையுங்கள். வெறும் நெய்யாக நக்கிப் பார்த்தால் மணம் இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும், பிறகு சமையலில் ஏமாற்றிவிடும்.

மணம் போதவில்லை என்றால் நேரத்தை நீட்டாதீர்கள். மேலே சொன்ன நேரத்துக்குள் எளிதில் இறங்கும் மணங்கள் இறங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் பச்சையமும் கசப்பும். அதற்குப் பதிலாக, அந்த இலையை வடித்து எடுத்துவிட்டு, முதல் அளவில் பாதி புது இலையைப் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். இந்த இரட்டை ஊறல், இலையை நான்கு மணி நேரம் வேகவிடுவதைவிட எவ்வளவோ தெளிவான மணம் தரும். ஒரே தடவையில் இலையை இரு மடங்காகக் கொட்டுவதும் உதவாது. இலைக்குவியலின் நடுப்பகுதியில் நெய் சரியாக ஓடாது, உறிஞ்சப்படும் நெய்தான் கூடும்.

வடித்தல், நீர் சோதனை

60 டிகிரி வாக்கில் வடியுங்கள். மிகவும் ஆறிவிட்டால் நெய் கெட்டியாகத் தொடங்கித் துணியில் அடைத்துக்கொள்ளும். இரண்டாக மடித்த துணியை வடிகட்டியில் விரித்து, ஊற்றி, தானாக இறங்கவிடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டும் என்று கை பரபரக்கும், பிழியாதீர்கள். பிழிந்தால் தூளும், கசப்பும், இலையில் ஒளிந்திருக்கும் கொஞ்ச ஈரமும் சேர்ந்து இறங்கும். 12 கிராம் இலை 15 முதல் 25 கிராம் நெய்யைப் பிடித்து வைத்திருக்கும். அதை விட மனமில்லை என்றால் தனிக் கிண்ணத்தில் பிழிந்து அன்றைய சமையலுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நெய்யோடு கலக்க வேண்டாம்.

இன்னும் தெளிவு வேண்டுமானால் காபி வடிதாளில் ஒரு முறை விடலாம். தாள் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்ட தாளில் நெய் இறங்கவே இறங்காது. பாதி வடித்தபின் தாள் திடீரென்று அடைத்துக்கொண்டால், அதுவே நெய்யில் நீர் இருக்கிறது என்பதற்கு ஓர் அறிகுறி.

வடித்த நெய்யை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். கொழுப்பு நீரைவிட இலேசானது என்பதால் நீர் இருந்தால் அடியில் கலங்கலாகவோ, கண்ணாடி மணி போன்ற துளிகளாகவோ சேரும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு கரண்டி நெய்யைச் சிறு வாணலியில் 110 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சத்தமின்றி இருந்தால் சரி. பொரிந்து தெறித்தால் நீர் உண்டு.

நீர் இருந்தால் என்ன செய்வது? குளிர்ப்பெட்டியில் முழுதும் உறையவிட்டு, கட்டியைத் தூக்கி, அடியிலுள்ள நீரைக் கொட்டி, கட்டியின் அடிப்பாகத்தைச் சுரண்டித் துடைத்து, மறுபடி உருக்குங்கள். மணம் அவ்வளவாகப் போகாது. 105 டிகிரிக்குச் சூடாக்கி நீரை விரட்டுவது விரைவான வழி, ஆனால் ஏற்றிய மணத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

பூண்டும் பச்சை இலையும்: இங்கே சமரசம் கூடாது

பூண்டு வெண்ணெய் எல்லோருக்கும் பிடிக்கும். ஆபத்தும் அதில்தான் அதிகம். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் மண்ணிலிருந்து பூண்டோடு வந்துவிடுகின்றன. காற்றில்லாத இடம், ஈரம், அமிலக் குறைவு, அறைச்சூடு நான்கும் சேர்ந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். கொழுப்பில் அமிழ்ந்த ஈரப் பூண்டு இவற்றில் முதல் மூன்றையும் தானே கொடுத்துவிடுகிறது. நான்காவதை நாம் கொடுக்கிறோம். அடுப்பில் கொதித்ததே என்று நம்ப முடியாது. அந்த விதைத்துகள்களை அழிக்க ஈரச்சூட்டில், அழுத்தத்தோடு, 121 டிகிரி வேண்டும். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே வைத்திருந்ததால் 36 பேர் அந்த நஞ்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோய் கண்டு விழுந்தார்கள். நஞ்சுக்கு வாடையோ சுவையோ கிடையாது. முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி விட்டால் பாதுகாப்பாகிவிடும் என்பதும் தவறு. சாறு கொழுப்போடு கலக்காது. பூண்டுத் துண்டின் உள்ளே அமிலம் போய்ச் சேராது.

பச்சைப் பூண்டு போட்டுச் செய்தால் விதி இதுதான்: 40 கிராம் பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்து, 200 கிராம் நெய்யில் 105 முதல் 110 டிகிரியில், குமிழி அடங்கும்வரை, துண்டுகள் வைக்கோல் நிறம் வரும்வரை வைத்து, துண்டு ஒன்றுகூட இல்லாமல் வடித்து, உடனே குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் முதல் நாளே உறையவைத்துவிடுங்கள். நிறம் பழுப்புக்குப் போனால் கசக்கும், அதற்கு முன்பே இறக்குங்கள். நசுக்கி வைப்பது ஏனென்றால், பூண்டின் செல்கள் உடைந்த பிறகே அதன் மணப்பொருள் உருவாகிறது. உடனே சூட்டில் போட்டால் அதை உண்டாக்கும் என்சைம் செயலிழந்துவிடும்.

நாள்பட வைக்க வேண்டும் என்றால் முழுதும் காய்ந்த பூண்டுச் சீவலைப் பயன்படுத்துங்கள். ஈரமில்லாத இடத்தில் அந்த பாக்டீரியா வளராது.

பச்சைப் பேசிலுக்கும் அதே நான்கு நாள் விதிதான். பேசில் காய்ந்தால் மணம் வைக்கோலாகிவிடும் என்பதால் பச்சையாகவே செய்ய வேண்டியிருக்கிறது. இலையைக் கொதிநீரில் 15 விநாடி முக்கி, பனிநீரில் போட்டு, துணியில் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இப்படிச் செய்வது இலையைக் கறுக்கவைக்கும் என்சைமை நிறுத்தும். 60 டிகிரி நெய்யோடு மிக்ஸியில் ஒரு நிமிடம் அரைத்து உடனே வடித்து, உறையவையுங்கள். நீண்ட நேரம் சூட்டில் விட்டால் பச்சையம் சிதைந்து ஆலிவ் பழுப்பாகிவிடும். நிறம் கெடுவதால் ஆபத்து இல்லை, பார்ப்பதற்குத்தான் நன்றாக இராது.

வைத்திருத்தல்

ஜாடியைக் கழுவி, ஓவனில் 110 டிகிரியில் கால் மணி நேரம் உலர்த்துங்கள். மூடியின் ரப்பர் இடுக்கில் நீர் தங்கும், அதைத் தனியே துடையுங்கள். நெய்யை 50 டிகிரியில் ஊற்றி விளிம்பு வரை நிரப்புங்கள். மேலே காற்று குறைந்தால் காறலும் குறையும்.

வெளிச்சம் இங்கே பெரிய எதிரி. இலையிலிருந்து நெய்க்கு வந்த பச்சையம் ஒளி பட்டால் கொழுப்பு கெடுவதைத் தூண்டிவிடும். வெறும் நெய்யைவிட மூலிகை நெய் சன்னலோரத்தில் சீக்கிரம் காறிப்போவது இதனால்தான். ரோஸ்மேரியிலும் சேஜிலும் உள்ள கார்னோசிக் அமிலம் இதற்கு எதிராக வேலை செய்யும் நல்ல காப்புப்பொருள், இருந்தாலும் பழுப்பு ஜாடியோ இருண்ட அலமாரியோ வேண்டும். காய்ந்த இலையில் செய்து, நீர் சோதனையில் தேறிய நெய்யைக் குளிர்ப்பெட்டியில் மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போவதற்கு முன்பே மணம் மங்கிவிடும் என்பதால் அதற்கு மேல் வைப்பதில் பொருளில்லை.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள், குளிர்ந்த நெய்யின் மேல் காற்றின் ஈரம் பனிக்கும். வேண்டியதை உலர்ந்த கரண்டியால் எடுத்து உடனே மூடுங்கள். உறையவைக்க 15 மில்லி குழியுள்ள தட்டு வசதியானது. ஒரு கட்டி 13 முதல் 14 கிராம் வரும். சிலிக்கான் தட்டு மணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை மூலிகைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

ஜாடியின் மேல் தேதி, மூலிகை, பச்சையா காய்ந்ததா, எத்தனை கிராம் என்று எழுதி ஒட்டுங்கள். ‘பச்சை’ என்று எழுதியிருப்பதை ஒருபோதும் அலமாரியில் வைக்கக் கூடாது.

நெய் மணல் மணலாக உறைவது குறையன்று, மெதுவாக ஆறியதன் விளைவு. வழுவழுப்பாக வேண்டுமானால் பனிநீர்த் தொட்டியில் வைத்துக் கிளறிக்கொண்டே ஆறவிடுங்கள்.

ரொட்டியில் தடவவும் மாவில் சேர்க்கவும்

உருகிய வெண்ணெய் ஆறினால் பழைய வெண்ணெயாகத் திரும்பாது. நீரும் கொழுப்பும் கலந்திருந்த அமைப்பு உருகும்போதே குலைந்துவிடுகிறது. உறைந்தபின் மேலே மஞ்சள் கட்டியும் கீழே மோர்நீருமாகப் பிரிந்து நிற்கும். தடவும் பதம் வேண்டும் என்றால் 100 கிராம் மூலிகை நெய்யை 20 டிகிரியில் களிம்புப் பதத்துக்கு வரவிட்டு, 18 முதல் 20 டிகிரியில் உள்ள 150 கிராம் உருக்காத வெண்ணெயோடு சேர்த்து மின்கடைச்சலில் இரண்டு நிமிடம் அடியுங்கள். நெய் இன்னும் நீர்ப்பதத்தில் இருந்தால் கலவை வழுக்கிக்கொண்டு சேராது. கிண்ணத்தைப் பத்து நிமிடம் குளிரவைத்து மறுபடி அடித்தால் சேரும். இதில் மறுபடி நீர் வந்துவிட்டதால், குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

பிஸ்கெட், கேக் மாவில் வெண்ணெய்க்குப் பதில் சேர்க்கும்போது எடைக்கு எடை போடாதீர்கள். 100 கிராம் வெண்ணெய் கேட்கும் இடத்தில் 80 கிராம் மூலிகை நெய்யும் 17 கிராம் குளிர்ந்த பாலும் சேருங்கள். பாலைச் சேர்க்காவிட்டால் மாவு உதிரும், பிஸ்கெட் அடுப்பில் பரந்து ஓடிவிடும். சர்க்கரையோடு குழைத்துக் காற்றேற்ற வேண்டிய கேக்குகளுக்கு நெய் உறைந்த களிம்புப் பதத்தில் இருக்க வேண்டும், உருகியதை ஊற்றினால் கேக் எழும்பாது. உப்பில்லாத நெய் என்பதால் மாவில் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரோஸ்மேரியின் மணம் உப்பில்லாமல் எழுந்து நிற்காது.

வேலை முடிந்ததும் பாத்திரத்தையும் துணியையும் காகிதத்தால் நன்றாகத் துடைத்தபின் வெந்நீரில் கழுவுங்கள். நெய் கழிவுநீர்க் குழாயில் உறைந்து அடைத்துவிடும். மூலிகைத் தூளும் கூடச் சேர்ந்தால் கம்பி விட்டால்கூட அடைப்பு எளிதில் எடுபடாது.